பென்சன் இல்லாத வெட்டரனுக்கு வீட்டு டயாலிசிஸ் கெடைக்குமா?

மார்ச் 2, இரவு 9.15 (ஒரு வாசகர் கேட்டது)

எங்க மாமா மலேசிய ஆர்மியில 12 வருஷம் இருந்துட்டு வெளிய வந்த வெட்டரன், அதாவது முன்னாள் ராணுவத்தாரு, பென்சன் கெடையாது. அதுக்கப்புறம் ஃபேக்டரியில ஜாகா, அதாவது காவல்கார வேலை. வயசு 64. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) ரொம்ப வருஷமா இருக்கு, இப்ப கிட்னி 15 பெர்சண்டுக்குக் கீழ எறங்கிருச்சு, டயாலிசிஸுக்கு ரெடியாகுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுல அவரும் அத்தையும் மட்டும்தான் இருக்காங்க. வாரம் மூணு நாள் சென்டருக்கு யாரு கூட்டிட்டுப் போறது? வீட்டுலயே செய்யுற டயாலிசிஸ் இருக்காமே, அது பென்சன் வாங்குற வெட்டரனுக்கும் காசு உள்ளவங்களுக்கும் மட்டும்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 2, இரவு 11.40 (என் பதில்)

அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. எங்கப்பாவும் உங்க மாமா கதைதான். ராணுவத்தோட சிக்னல்ஸ் பிரிவுல 13 வருஷம், பென்சன் இல்லாம வந்தாரு, இப்ப வயித்துல தண்ணி விட்டு எடுக்குற டயாலிசிஸ் வீட்டுலயே ஓடுது. சிஏபிடின்னு சொல்லுவாங்க. இங்க அது பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரியோட கிட்னி பிரிவு வழியாத்தான் நடக்குது. அங்க அவங்க முக்கியமா பாக்குறது வயித்துல முன்னாடி பெரிய ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கா, வீடு எப்படி, கூட யாரு இருக்கா, இதெல்லாம்தான்.

ஆனா இப்பவே கேக்கணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு, கால் வீங்கி மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு ஓடுனா, அங்க உசிரைக் காப்பாத்த கழுத்துல டியூப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்க வச்சிருவாங்க, அப்புறம் அப்படியே சென்டர்ல எடம் தேடிக் குடுத்து அனுப்பிருவாங்க, வீட்டு டயாலிசிஸ் பத்தி உக்காந்து பேச அங்க யாருக்கும் நேரம் இருக்காது. எங்க வீட்டுல அதான் நடந்துச்சு. அப்பா வருஷக்கணக்கா ஒரு கிளினிக்குக்குப் போயிட்டு வந்தாரு, ரத்தம் எடுத்தாங்க, மாத்திரை மாத்துனாங்க, இப்படி ஒரு வழி இருக்குன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. கடைசியில டயாலிசிஸ் சென்டர்ல பக்கத்து நாற்காலியில படுத்திருந்த சீன அங்கிள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் அதான். கிட்னி 30க்குக் கீழ எறங்கும்போதே எல்லா வழியையும் சொல்லியிருக்கணும். மாத்து கிட்னி, மெஷின், வயித்து டயாலிசிஸ், எதுவும் வேணாம்னா வலியில்லாம பாத்துக்குற வைத்தியம், நாலையும்.

மார்ச் 3, காலை 7.05

வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி, சிஏபிடி எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. வயித்துக்குள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அதுதான் இதுல வடிகட்டி. தொப்புளுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் டியூப் வச்சிருவாங்க. 2 லிட்டர் சர்க்கரைத் தண்ணி உள்ள போகும், 4 லேர்ந்து 6 மணி நேரம் அங்கயே இருக்கும், ரத்தத்துல உள்ள கழிவும் மிச்சத் தண்ணியும் அதுல எறங்கும், வெளிய எடுத்துட்டு புதுசு விடணும். ஒரு நாளைக்கு வழக்கமா 4 தடவை, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். ராத்திரி தூங்கும்போது மெஷினே மாத்துற மாதிரியும் இருக்கு, அது ஏபிடி.

டியூப் வச்ச பிறகு பொதுவா ரெண்டு வாரம் ஆற விடுவாங்க, அப்புறம் பயிற்சி. அதனாலதான் சீக்கிரம்னு சொன்னேன்.

மார்ச் 3, இரவு 10.20

காசு விஷயம் கேட்டீங்கல்ல. இதைப் பொறுமையா படிங்க, ஏன்னா இங்கதான் நம்மாளுங்க இடுக்குல மாட்டிக்கிறாங்க.

சாதா ரேங்க் சோல்ஜருக்கு 21 வருஷம் முடிச்சாத்தான் பென்சன். பென்சன் உள்ளவருக்கு ஜேஎச்இவி, அதாவது ராணுவ வெட்டரன் இலாகா, வைத்தியத்துக்கு ஒரு வழி வச்சிருக்கு. 10, 12, 15 வருஷத்துல வெளிய வந்தவங்களுக்கு அந்தக் கதவு பாதிதான் தொறக்கும். அதுக்கப்புறம் பெரும்பாலும் ஜாகா வேலை, லோரி, ஃபேக்டரி. அங்க சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி, கட்டியிருப்பாங்க. சொக்சோ அதுல பணம் கட்டுனவங்களுக்கு டயாலிசிஸ் செலவு குடுக்குது, ஆனா அந்த உதவி வர்ற செயலிழப்புத் திட்டம் (நோயால வேலை செய்ய முடியாமப் போறவங்களுக்கானது) 60 வயசுக்குள்ள வந்த நோய்க்குத்தான். உங்க மாமாவுக்கு 64, எங்கப்பாவுக்கு கிட்னி போனப்ப 66. முஸ்லிம் வெட்டரன்னா ஜகாத் நிதி கை குடுக்கும், அவங்க சமூகம் அவங்களைப் பாத்துக்குது, நல்ல விஷயம். நம்ம இந்து, கிறிஸ்தவ வெட்டரனுக்கு அந்த வழி இல்ல, தர்ம ஸ்தாபனம் நடத்துற டயாலிசிஸ் சென்டர்லயோ சமூக நல இலாகாவுலயோ போய் வரிசையில நிக்கணும். பிரைவேட் சென்டர்ல ஒரு தடவைக்கு 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆவுது, மாசத்துக்கு 13 தடவைன்னு போட்டுப் பாருங்க.

21 வருஷம் போட்டவரும் 13 வருஷம் போட்டவரும் ஒரே காட்டுலதான் படுத்தாங்க. அப்பா கிரிக்லேர்ந்து ஜெலி வரைக்கும் போற கிழக்கு மேற்கு ரோடு போட்டுக்கிட்டிருந்த காலத்துல அங்க காவலுக்கு இருந்தவரு. ரோடு 1982ல தொறந்துட்டாங்க, காட்டுல சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளோட சமாதான ஒப்பந்தம் 1989 டிசம்பர்லதான் ஆச்சு. அந்த ரோட்டுல இன்னிக்கு நாம கிளந்தானுக்கு ஜாலியா கார் ஓட்டிட்டுப் போறோம்.

மார்ச் 4, மதியம் 1.10

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. பென்சன் இல்லாட்டியும் வெட்டரன்னு ஜேஎச்இவியில பேரு பதிஞ்சிருக்கணும். வெளிய வந்த வேகத்துல அட்ரஸ் மாறி, ஊரு மாறி, பேரே பதியாத தமிழ் வெட்டரனுங்க நெறைய பேரு. மாமாவோட டிஸ்சார்ஜ் பேப்பர் எங்க இருக்குன்னு அத்தைகிட்ட கேளுங்க, பழைய பிஸ்கட் டின்ல இருக்கும். எங்க வீட்டுல அங்கதான் இருந்துச்சு.

மார்ச் 5, இரவு 11.30

இன்னிக்கு வீட்டப் பத்தி எழுதுறேன். வீட்டு டயாலிசிஸ்னு சொல்றோம், ஆனா எந்த வீட்டுல?

கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 4 பை, மாசத்துக்கு 120 பை, ஒவ்வொண்ணும் 2 லிட்டர். மொத்தம் 240 லிட்டர், 240 கிலோவுக்கு மேல. லோரியில வந்து எறங்கும், பொட்டி பொட்டியா. தரை வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. ரைபிள் ரேஞ்ச் மாதிரி பழைய அடுக்குமாடியில, லிஃப்ட் ரிப்பேரான அன்னிக்கு லோரி வந்தா? கொண்டாந்து எறக்குற தம்பிங்க நல்ல பசங்க, ஆனா அவங்களும் மனுஷங்கதானே. எங்க பிளாட்டுல ஒரு தடவை பொட்டியெல்லாம் கீழ லிஃப்ட் வாசல்லயே கெடந்துச்சு, பக்கத்து வீட்டுப் பசங்க ஆளுக்கு ரெண்டா தூக்கிட்டு மேல ஏத்துனாங்க. மலாய்ப் பையன், சீனப் பையன், நம்ம பையன், எல்லாரும்தான். அம்மா எல்லாருக்கும் மைலோ கலக்கிக் குடுத்தாங்க.

மேல வந்த பிறகு எங்க வைக்கிறது? வெயில் படக்கூடாது, ஈரம் ஆகக்கூடாது. எங்க வீட்டுல சாமி மேடைக்குக் கீழ ஒரு வரிசை, கட்டிலுக்கு அடியில ஒரு வரிசை, மீதியை ஹால்ல செவுத்தோரம் அடுக்கி மேல பாய் விரிச்சாச்சு, வர்ற விருந்தாளி அதுலதான் உக்காருவாங்க.

தண்ணி மாத்துற நேரத்துல ஜன்னலை மூடணும், ஃபேனை நிறுத்தணும், மாஸ்க் போடணும், கைய நல்லா தேச்சுக் கழுவி தொடைக்கணும். தூசி கிருமி டியூப்ல போயிடக்கூடாதுன்னு. பினாங்கு வெக்கையில மத்தியானம் 1 மணிக்கு ஃபேன் இல்லாம அரை மணி நேரம் உக்காந்து பாருங்க, சட்டை ஒட்டிக்கும். அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அம்மாதான் விசிறிய எடுக்கப் போவாங்க, நான் கையப் புடிச்சு வைப்பேன், காத்து வரக்கூடாதுன்னுதானே ஃபேனையே நிறுத்தியிருக்கோம்னு.

வெளிய வந்த பைய மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லிக் குடுத்த மாதிரி தினசரி பேப்பர் மேல வச்சுப் பாக்கணும். எழுத்து தெளிவா தெரிஞ்சா சரி. மங்கலா, அரிசி கழுவுன தண்ணி மாதிரி இருந்தா உடனே ஆஸ்பத்திரி, அந்தப் பையயும் கையோட எடுத்துட்டுப் போகணும், கிருமி வந்துருச்சுன்னு அர்த்தம். வயித்து வலி, காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. அம்மா தமிழ்ப் பேப்பரைத்தான் வைப்பாங்க, மரண அறிவித்தல் பக்கம் மட்டும் வேணாம்னு அப்பா அடிக்கடி சொல்லுவாரு.

மார்ச் 6, காலை 6.50

யாரோ தனிச்செய்தியில கேட்டாங்க, தண்ணி சரியா வெளிய வரலன்னா என்ன செய்யறதுன்னு. முதல்ல டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க. அடுத்தது, மலச்சிக்கல். நெசமாத்தான். குடல் நெறஞ்சிருந்தா டியூபை அமுக்கிரும், அதனாலதான் மலம் இளக்குற லாக்டுலோஸ் மருந்து குடுக்குறாங்க. ரெண்டும் இல்லன்னா ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன் போடுங்க, நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க.

மார்ச் 8, இரவு 9.50

பயிற்சி பத்தி சொல்லணும். எங்கப்பாவுக்கு மலாய் தண்ணி பட்டபாடு, ராணுவத்துல இருந்தவராச்சே, ரேடியோவுல மணிக்கணக்கா பேசுனவரு. ஆனா இனிப்புநீரால கண்ணு மங்கிருச்சு, வெரல் நுனி மரத்துப் போச்சு. பைய இணைக்கிறது, கிளிப்பு போடுறது, க்ரீம் தடவுறது, எல்லாம் அம்மாதான். அம்மா தோட்டத்துல பொறந்து தமிழ் ஸ்கூல்ல ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. பாசார்ல மீன் பேரம் பேசுற அளவுக்கு மலாய் வரும், கிருமி எப்படி டியூப் வழியா போகும்னு புரிஞ்சுக்குற அளவுக்கு வராது. குடுத்த புத்தகமோ மலாய்லயும் இங்கிலீஷ்லயும். பயிற்சியில பாதி நாள் அம்மா தலைய ஆட்டிட்டு வந்தாங்க, வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாங்க, அந்த மிஸ்ஸி என்ன சொல்லுச்சுன்னு.

அப்புறம் அதே யூனிட்டுல ஒரு தமிழ் மிஸ்ஸி ஷிப்டு மாறி வந்தாங்க. ஒரே மத்தியானம். "அம்மா, இந்த நுனி இருக்கு பாருங்க, இது உங்க சாமி ரூம் மாதிரி, கழுவாத கை படவே கூடாது"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், அம்மாவுக்குப் புடிபட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் வீட்டுல யாரும் அந்த நுனிகிட்ட போக முடியாது.

நியாயமா கெடைக்கணும்னு நாம பேசும்போது பணம், கார்டு, பாரம்னே பேசுறோம். அது வேணும். ஆனா தமிழ்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம, இந்த வீட்டுக்கு இது சரிவராதுன்னு எழுதி மெஷினுக்கு அனுப்பிட்டா, அது எந்தக் கணக்குலயும் வராது. சரிவரலன்னுதான் இருக்கும். நான் கெஞ்சிக் கேக்குறது, கையில மாட்டிக் காட்டுற மாதிரி ஒரு தமிழ் வீடியோ, ஒவ்வொரு யூனிட்டுலயும். பெரிய செலவு இல்ல.

மார்ச் 9, மாலை 6.15

ஒருத்தர் எழுதியிருக்காரு, ராணுவ ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு, அங்க போகலாமேன்னு. அண்ணே, பினாங்குல இருக்கறவருக்குப் பக்கத்துல இருக்கறது லுமுட் கடற்படைத் தளத்து ஆஸ்பத்திரி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். பெருசு வேணும்னா கோலாலம்பூர் வங்சா மாஜுவுல துவாங்கு மிசான் ராணுவ ஆஸ்பத்திரி. வாரம் மூணு தடவை மெஷினுக்கு அங்க போக முடியுமா? ஆனா சிஏபிடின்னா செக்கப்புக்குத்தான் போகணும், மாசம் ஒண்ணோ ரெண்டு மாசத்துக்கு ஒண்ணோ. தூரத்துல இருக்குற வெட்டரனுக்குத்தான் வீட்டு டயாலிசிஸ் ரொம்பப் பொருந்துது. கூலிம், சுங்கை பட்டாணி தோட்டத்து ஓரமெல்லாம் இருக்காங்க நம்மாளுங்க.

மார்ச் 11, இரவு 11.55

தூக்கம் வரல, ஒரு யோசனை.

அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தரு, ராணுவ சுகாதார கோர்ல மெடிக்கா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்தவரு, காட்டுக்குள்ள கட்டு போட்டு, டிரிப் ஏத்தி, ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் ஆளைக் காப்பாத்துனவரு. இப்ப ஒரு காண்டோவுல ஜாகா. ஒரு தடவை அம்மா ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க, நான் வேலையில, அவருதான் வந்து அப்பாவுக்குத் தண்ணி மாத்துனாரு. மிஸ்ஸி சொல்லிக் குடுத்ததை ஒரே தடவை பாத்தாரு, அடுத்த தடவை அவரு செஞ்சதைப் பாத்து மிஸ்ஸியே சிரிச்சாங்க, என்னைவிட சுத்தமா செய்யுறாருன்னு.

பிரான்ஸ்ல ரொம்ப காலமா நர்ஸ் வீட்டுக்கே வந்து வயித்து டயாலிசிஸ் செஞ்சு குடுக்குறாங்க, தனியா இருக்குற வயசானவங்களுக்கு. இங்க நர்ஸுக்கே பஞ்சம். அப்ப இந்த மாதிரி முன்னாள் மெடிக்குங்களுக்கு யூனிட்டுல பயிற்சி குடுத்து, ஒரு சின்ன சம்பளம் போட்டு, தனியா இருக்குற வெட்டரன் வீடுகளுக்கு அனுப்புனா என்ன? குடும்பத்துல படிக்காத அத்தையே பழகிக்கிட்டு செய்யுற வேலைதானே. உங்க மாமா வீட்டுல அத்தைக்கு ஒரு நாள் காய்ச்சல்னா யாரு மாத்துவா?

மார்ச் 12, காலை 7.20

ராத்திரி எழுதுனதைத் திரும்பப் படிச்சேன். யோசனைய விடல, ஆனா ரெண்டு விஷயம் நெருடுது. ஒண்ணு, கிருமி வந்துருச்சுன்னா பொறுப்பு யாருது? அது எழுத்துல இருக்கணும், யூனிட்டோட மேற்பார்வையில இருக்கணும், இல்லன்னா அந்த மெடிக்கு மேலதான் பழி விழும். இன்னொண்ணு, வெட்டரன் சங்கம் சும்மா தொண்டூழியம்னு சொல்லி சம்பளம் இல்லாம வேலை வாங்கிரக் கூடாது. அவங்களும் பென்சன் இல்லாதவங்கதான்.

மார்ச் 14, இரவு 10.05

இங்க ஒருத்தர் கோவமா எழுதியிருக்காரு, வீட்டு டயாலிசிஸ்ங்கறது அரசாங்கம் செலவைக் குறைக்க ஏழை மேல தள்ளி விடுற வேலைன்னு. அந்த பயம் எனக்கும் இருக்கு, ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

ஹாங்காங்ல 1985லேர்ந்து முதல்ல வயித்து டயாலிசிஸ்தான்னு கொள்கை. தாய்லாந்துல 2008ல அதையே கொண்டாந்தாங்க, பொது இன்சூரன்ஸ்ல இருந்தவங்களுக்கு அதான் இலவசம், மெஷின் வேணும்னா பெரும்பாலும் சொந்தக் காசு. நெறைய பேரு உசிரு பொழைச்சாங்க, அது உண்மை. ஆனா வேணாம்னு நெனச்சவங்களுக்கும் வேற வழி இல்லாம போச்சு, 2022ல மாத்தி, நோயாளியே டாக்டரோட பேசி முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. இங்கயும் சுகாதார அமைச்சு இப்ப வயித்து டயாலிசிஸ் முதல்லன்னு பேசுது. நல்லதுதான், ஏன்னா இன்னிக்கு நம்ம நாட்டுல டயாலிசிஸ்ல இருக்கறவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தர்தான் அதுல இருக்காங்க, மத்தவங்க எல்லாம் மெஷின். மெஷின் சென்டர் மூலைக்கு மூலை இருக்கு, பணம் குடுக்குற இலாகாவும் அங்கதான் குடுத்துப் பழகிருச்சு.

ஆனா கட்டாயம் ஆக்கக் கூடாது. எங்கப்பாவோட செட்டுல ஒருத்தரு சிஏபிடி வேணவே வேணாம்னுட்டாரு. பொண்டாட்டி போயிட்டாங்க, வீட்டுல பேச ஆள் இல்ல, சென்டருக்குப் போனா நாலு பேரைப் பாப்பேன்னாரு. அதைத் தப்புன்னு யாரு சொல்ல முடியும்? அவருக்கு வேண்டியது சென்டருக்குப் போக வர வண்டி. அதைக் குடுக்கறதும் நியாயத்துல சேந்ததுதான்.

அமெரிக்காவுல 1972லயே கிட்னி நோயாளிக்கு மெடிகேர்னு சட்டம் போட்டவங்க, அங்கயும் 2019ல அதிபர் உத்தரவு போட வேண்டியதாப் போச்சு, 2025க்குள்ள புது நோயாளிங்கள்ல 80 சதவீதம் பேரு வீட்டு டயாலிசிஸ் இல்லன்னா மாத்து கிட்னியில இருக்கணும்னு. சட்டம் இருந்தா மட்டும் வீட்டுக்குள்ள வந்து சேந்திராது போல.

மார்ச் 15, மதியம் 2.30

கொஞ்சம் சந்தோஷமான விஷயம். தைப்பூசத்துக்கு அப்பாவைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிட்டுப் போனோம். அடிவாரம் வரைக்கும்தான், படி ஏறல. காலையில தண்ணி மாத்திட்டுக் கெளம்புனோம், நாலு மணி நேரம் பந்தல்ல உக்காந்திருந்தாரு, பழைய ராணுவக் கூட்டாளிங்க எல்லாம் வந்துட்டாங்க. மோர் குடுத்தாங்க, அளவா ரெண்டு வாய். மெஷின்ல இருந்த காலத்துல சென்டர் நாள் வந்தா திருவிழாவாவது ஒண்ணாவது. ஒரு மாமா சொன்னாரு, அவரு உங்க ரைபிள் ரேஞ்ச்தான், "ரைபிளை கேம்ப்ல ஒப்படைச்சுட்டு வந்தேன், ரேஞ்ச் மட்டும் என்னை விடல"ன்னு. அப்பா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு, நாங்க டியூப், டியூப்னு கத்துறோம்.

மார்ச் 19, இரவு 9.40

தம்பி, செவ்வாய்க்கெழமை அப்பாயின்மெண்ட்னு எழுதியிருந்தீங்க. சந்தோஷம். அத்தையக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, தண்ணி மாத்தப் போறது அவங்கதான், அவங்க முகத்தைப் பாத்து டாக்டர் பேசட்டும். தமிழ் பேசுற மிஸ்ஸி எந்த நாள் இருக்காங்கன்னு கேட்டு, பயிற்சிய அந்த நாளுக்குப் போடச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. மாமாவுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன், குடலிறக்கம் இருந்தா சொல்லிருங்க. வீட்டை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, பொட்டி வைக்கப்போற எடம், கை கழுவுற எடம், ரெண்டும் தெரியுற மாதிரி. டாக்டர் மெஷின்தான்னு சொன்னா ஏன்னு காரணம் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. டிஸ்சார்ஜ் பேப்பர் கெடைச்சா மூணு காப்பி எடுங்க, வெட்டரன் இலாகாவோட மாநிலக் கிளைக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி சமூக நல அதிகாரிகிட்ட ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. அந்த மெடிக்கு மாமாகிட்ட பேசிட்டேன், அவரு இருக்கறது ஆயர் ஈத்தாம்தான், முதல் வாரம் சாயந்தரத்துல வந்து அத்தை கூட நின்னு பாக்குறேன்னாரு. தனிச்செய்தியில நம்பர் அனுப்புறேன்.